கால் கட்டைவிரல் பாடம்

ஜூன் 3, திங்கள்

வலி தணிப்புச் சிகிச்சைப் பயிற்சிக்கு வந்திருப்பவர்கள் தினமும் ஏதாவது எழுத வேண்டுமாம். யாரும் வாங்கிப் படிக்க மாட்டார்களாம், எழுதினோமா என்றுகூடக் கேட்க மாட்டார்களாம். பிறகு எதற்கு எழுதுவது என்று கேட்டேன். "உங்களுக்காகத்தான் மேடம்" என்றார் டாக்டர் பரீதா. இந்தப் பயிற்சியை நடத்துகிறவர் அவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். காட்டன் சேலை, காலில் ரப்பர் செருப்பு, எதற்கும் அவசரப்படாத நடை. பார்த்தவுடனே எனக்கு எரிச்சல் வந்தது.

நான் ரங்கநாயகி. அரசு மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவின் தலைவி. இனிக் குணப்படுத்த முடியாத நோயாளிகளுக்கென்று எங்கள் மருத்துவமனையில் புதிதாக ஒரு வார்டு திறக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பொள்ளாச்சிக்குப் போய் ஆறு வாரம் படித்து வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சண்டை போட்டேன், நடக்கவில்லை. வீட்டில் வந்து புலம்பினால் என் கணவர், "போயிட்டு வா நாயகி. இத்தன வருசமா ஆளுகளத் தூங்க வெச்சே பழகிட்டே. முழிச்சிருக்கற ஆளுகிட்டப் பேசவும் கத்துக்க" என்கிறார்.

அவர் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். மார்ச் மாதம் கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கோவைக்கு அழைத்துப் போனேன். கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. இந்த வருடம் தாண்டுவது கடினம். அவரிடம், பித்தக் குழாயில் கல், உள்ளே சின்னக் குழாய் வைத்துச் சரிசெய்துவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று சொன்னேன். அவருடைய அக்கா பாக்கியத்துக்கு மட்டும் உண்மை தெரியும். இப்போது கூட இருந்து பார்த்துக்கொள்வதும் அவர்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முடிவெடுக்க வேண்டியவள் நான். எடுத்துவிட்டேன். மனிதர் நிம்மதியாக இருக்கட்டும்.

இதை ஒரு முறை எழுதியாகிவிட்டது. இனி இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

காலை முழுவதும் மார்ஃபின் பற்றி வகுப்பு. எனக்கு மார்ஃபின் சொல்லித் தருகிறார்கள். இரும்பு என்றால் என்ன என்று கொல்லனுக்கே பாடம் நடத்துவதுபோல் இருந்தது. பாதியில் என் கவனம் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புக்குப் போய்விட்டது. சாரல் பிடித்திருக்கிறது.

சாயங்காலம் என் கணவர் போன் செய்தார். "இன்னைக்கு என்ன பாடம்?"

"உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

"வேலையுமில்லாம வீட்டுல உக்காந்திருக்கறேன். பாடம் நடத்தித்தான் பழக்கம். ஒரு நாளைக்கு நடத்தறதக் கேக்கறேன், சொல்லு."

சொன்னேன். கேள்வியெல்லாம் கேட்டார். இனி தினமும் சொல்ல வேண்டுமாம்.

ஜூன் 6, வியாழன்

கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று இன்று பயிற்சி. பரீதா நோயாளியாக நடித்தார். நான் மருத்துவர். அவருக்குப் புற்றுநோய் என்று நான் சொல்ல வேண்டும்.

சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த கையோடு என்ன மருந்து, எந்த ஊசி, எத்தனை தடவை வர வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். முடித்து நிமிர்ந்தால் வகுப்பே அமைதியாக இருக்கிறது. பரீதா கேட்டார், "மேடம், நான் எப்ப அழுதேன்னு கவனிச்சீங்களா?" அவர் அழுததை நான் பார்க்கவே இல்லை. மருந்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் சொல்லித் தந்த முறை இது. முதலில் டிவி, போன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார வேண்டும். நின்றுகொண்டு சொல்லக்கூடாது. நடுவில் மேசை இருக்கக்கூடாது. அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். இன்னும் தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்க வேண்டும். சிரமமான விஷயம் ஒன்று சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு சுருக்கமாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடைசியில்தான் அடுத்து என்ன என்ற பேச்சு.

வாயை மூடுவதுதான் யாராலும் முடிவதில்லையாம். அதற்கு அவரிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. "பேசியே ஆகணும்னு வாய் துறுதுறுங்கும். அப்ப கால் கட்டைவிரலை உள்ளே மடக்கி அழுத்திப் பிடிச்சுக்குங்க. கவனம் அங்க போயிடும், வாய் சும்மா இருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

சாயங்காலம் போனில் இதைச் சொன்னபோது என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. முறையை முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஆசிரியர் புத்தி.

ஜூன் 9, ஞாயிறு

விடுமுறை. ஊருக்குப் போகவில்லை. படிக்க நிறைய இருக்கிறது. துணி துவைத்தேன்.

ஜூன் 12, புதன்

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை தொடங்கிவிட்டது. ஜீப்பில் பரீதா, ஒரு நர்ஸ், நான். என் பொறுப்பில் விட்ட நோயாளி காளியண்ணன். தேங்காய் உரிக்கிற தொழிலாளி. முதுகெலும்பு வரை நோய் பரவியிருக்கிறது. புஜம் இரண்டும் இன்னும் திரண்டிருக்கின்றன, இடுப்புக்குக் கீழே ஆளே இல்லை. திரும்பிப் படுக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

உள்ளே போவதற்கு முன்னாலேயே அவர் மனைவி பாவாயி எங்களை வாசலில் மறித்துக்கொண்டார். "அவியளுக்கு என்ன சீக்குன்னு தெரியாதுங்க. வாதம்னு சொல்லி வெச்சிருக்கறேன். நீங்க எதும் சொல்லிப்போடாதீங்க. தெரிஞ்சா அன்னைக்கே போயிருவாங்க."

பரீதா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். அது சத்தியம். ஆனா அவரா என்கிட்டக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அதுவும் சத்தியம்."

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாதா எது நல்லது என்று. ஆனால் பாவாயி எங்களைத் திட்டித் துரத்தவில்லை. கொஞ்ச நேரம் பரீதாவையே பார்த்தார், பிறகு உள்ளே வரச் சொன்னார். பரீதாவிடம் ஏதோ இருக்கிறது.

காளியண்ணனுக்கு மார்ஃபின் மாத்திரை எழுதினேன்.

சாயங்காலம் இதையும் என் கணவரிடம் சொன்னேன். "அப்ப அந்தாளாக் கேட்டாத்தான் சொல்லுவீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"கேக்காமயே இருந்துட்டா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காளியண்ணன் வீட்டுக்குப் போனோம். போன வாரத்தைவிட மோசமாகக் கிடந்தார். மாத்திரை அப்படியே இருந்தது. முதல் சில நாள் போட்டிருக்கிறார், வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. பிறகு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறார். பாவாயியும் தலையைக் குனிந்துகொண்டார். பரீதா என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவர் காதருகே குனிந்து கேட்டார். மலம் போகவே இல்லையாம். மாத்திரையால்தான் என்று தெரிந்து, அந்த வேதனைக்கு இந்த வலியே தேவலை என்று விட்டுவிட்டாராம். பொம்பள டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வெட்கம்.

மார்ஃபின் குடலை மந்தமாக்கும் என்பது எனக்குத் தெரியாதா? படித்ததுதான். ஆனால் அறுவை அரங்கில் நான் ஊசி போட்டுவிட்டு, நோயாளி கண் விழித்ததும் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவேன். மூன்றாம் நாள் அவன் வயிறு என்ன பாடுபட்டது என்று எந்தக் காலத்திலும் விசாரித்ததில்லை. மார்ஃபின் எழுதினால் அதே சீட்டில் இரண்டாவது வரியாக மலமிளக்கி மருந்தும் எழுத வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்களாம். நான் அப்போது தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீதா ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். காளியண்ணனைப் போர்வையால் மூடி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கையுறை மாட்டிக்கொண்டு, இறுகிக் கிடந்ததை விரலால் மெல்ல மெல்ல வெளியே எடுத்தார். எடுத்துக்கொண்டே, எண்ணெய்க்கு எந்தத் தேங்காய் நல்லது, உரிக்கும்போது மட்டை எந்தப் பக்கம் முதலில் பிளக்கும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சும்மா பேச்சுக்குக் கேட்கவில்லை, பதிலைக் கவனித்துக் கேட்டார். அவரும் வெட்கத்தை மறந்துவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் பரீதாவே துடைத்துச் சுத்தம் செய்து வேட்டியைக் கட்டிவிட்டார். நாங்கள் கிளம்பும் முன்பே மனிதர் தூங்கிவிட்டார்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணர்களோடு நின்றிருக்கிறேன். இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை.

ஜீப்பில், "வாங்க மேடம், ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் போனில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டாவது வரிய எழுதலையா நீ?" என்று கேட்டார்.

ஜூன் 21, வெள்ளி

காளியண்ணனுக்கு வலி இல்லை. மலமும் சிரமமில்லாமல் போகிறது. என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பத்மஸ்ரீ கொடுத்ததுபோல் இருந்தது.

பாக்கியம் அண்ணி போன் செய்தார். தம்பி கட்டிலில் படுப்பதில்லையாம், நாற்காலியில் முன்னால் சாய்ந்துகொண்டு, தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டுதான் தூங்குகிறாராம். "நீ ஒரு நட வந்து பாத்துட்டுப் போயேன்" என்றார். அவரிடமே கேட்டேன். வயிற்றில் கேஸ் என்றார். கேஸ்தான். பாக்கியம் அண்ணி எதைச் சமைத்தாலும் பருப்பைக் கொட்டுவார்.

ஜூன் 23, ஞாயிறு

ஊருக்குப் போகவில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும்.

ஜூன் 27, வியாழன்

அன்றைக்குப் பரீதா கையுறை மாட்டிக்கொண்டு செய்ததை இன்று இன்னொரு நோயாளிக்கு நானே செய்தேன். கை நடுங்கவில்லை. பேச்சுதான் வரவில்லை. அதற்கும் பழக வேண்டும்.

ஜீப்பில் வரும்போது பரீதாவிடம் கேட்டேன், வீட்டில் ஒருவருக்கு இப்படி வந்தால் டாக்டரே மறைப்பதுண்டா என்று. பொதுவாகத்தான் கேட்டேன். "எல்லாரையும்விட டாக்டர்தான் மேடம் அதிகமா மறைப்பாங்க. மத்தவங்களுக்கு மறைக்கற அளவுக்கு விவரம் தெரியாது" என்றார். யார், எவர் என்று கேட்கவில்லை. அவர் செருப்பைப் பார்த்தேன். கட்டைவிரல் மடங்கியிருந்தது.

ஜூலை 4, வியாழன்

இன்று காளியண்ணன் கேட்டார்.

பரீதா பாவாயியோடு அடுப்படியில் இருந்தார். நான் மட்டும் கட்டிலோரம். நாடி பார்த்துவிட்டுக் கையை விடப் போனேன், அவர் விடவில்லை. "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் மறுக்கா எந்திரிச்சுத் தேங்கா உரிக்கப் போவனுங்களா?"

வழக்கமாக இருந்தால், கவலைப்படாதீங்க எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதியிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டேன்.

"போவ மாட்டேன்னுதானுங்க நினைக்கறேன்."

"நான் சொல்றது சிரமமா இருக்கும். நானும் அப்படித்தாங்க நினைக்கறேன்."

அதன் பிறகு கட்டைவிரலை மடக்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, விரல் மரத்துப்போய்விட்டது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அழாதீங்க என்று சொல்லவில்லை. துடைக்கவும் இல்லை. கையை மட்டும் விடாமல் இருந்தேன்.

பிறகு அவராகப் பேசினார். "மகள ஆடிக்கு வரச் சொல்லியிருந்தேனுங்க. நாளைக்கே வரச் சொல்லிப்போடறேன்."

பாவாயி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னை வைவார் என்றுதான் நினைத்தேன். வந்து கட்டிலில் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தார். இத்தனை நாளில் அந்த அம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எந்நேரமும் ஏதாவது எடுத்துக்கொண்டும் வைத்துக்கொண்டும் நடமாடியபடியே இருப்பார். உட்கார்ந்தால் பேச்சு வந்துவிடுமே என்ற பயம் என்று இன்றைக்குப் புரிந்தது.

வெளியே வந்ததும் பரீதா, "நல்லா செஞ்சீங்க மேடம்" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல் சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் என் கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "அந்தம்மா அழுதாங்களா?"

"அழுதாங்க."

"நீ?"

"நான் டாக்டருங்க."

"சரி டாக்டரே. இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. நீ வரலீன்னா நான் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிருவேன்."

ஜூலை 7, ஞாயிறு

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை. ஊர் வர வர எல்லா வாக்கியங்களும் கலைந்துவிட்டன. பேசாமல் அடுத்த வாரம் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது.

அவர்தான் கதவைத் திறந்தார். சட்டைக்குள் ஆள் பாதியாக இருந்தார். அதை நான் எழுதத்தான் வேண்டும். பாதியாக இருந்தார்.

பாக்கியம் அண்ணியை மலைக்கோயிலுக்கு அனுப்பிவிட்டாராம். டிவி அணைந்திருந்தது. கூடத்தில் டீப்பாயைச் சுவரோரம் தள்ளிவிட்டு இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருந்தார். காற்றுக்காகப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். நான் உட்கார்ந்ததும் தன் போனை எடுத்து அணைத்தார். என் கையிலிருந்ததையும் வாங்கி அணைத்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"நாயகி, எனக்கு வந்துருக்கறதப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு சொல்லு" என்றார்.

"என்னங்க கேள்வி இது?"

"தெரிஞ்சதச் சொல்லு."

"கல்லுங்க. எடுத்தாச்சு."

தலையை ஆட்டினார். பையன் தப்பான விடை சொன்னால் அப்படித்தான் ஆட்டுவார். "அதுக்கு மேல தெரிஞ்சுக்கோணும்னு நினைக்கறியா, வேண்டாமா? வேண்டாம்னா விட்டர்றேன்."

சொல்லுங்கள் என்று தலையை மட்டும் அசைத்தேன்.

"நான் சொல்லப்போறது கொஞ்சம் சிரமமான விசயம்" என்று சொல்லி நிறுத்தினார். முழங்கால் என் முழங்காலில் இடிக்கும்படி நாற்காலியை நகர்த்திக்கொண்டார். "எனக்கு இருக்கறது கேன்சரு. குழாய் வெச்சாங்களே, அந்த வார்டு வாசல்ல இருக்கற போர்டப் படிக்கத் தெரியாதவனா நானு? அன்னைக்கே தெரியும். இது குணமாகாது. அதிக நாள் இல்ல."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை. சும்மா இருந்தார். வாயாடி மனிதர். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேச்சை நிறுத்தாதவர். அவரால் எப்படி முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தேன்.

தரையில் அவர் கால் கட்டைவிரல் இரண்டும் மடங்கி, நகம் வெளுக்கும்படி மொசைக்கில் அழுந்தியிருந்தன.

நான் அழுதேன். எனக்குள் இருந்த டாக்டர் எங்கே போனாள் என்று தெரியவில்லை. அழாதே என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்து நீட்டவில்லை. தட்டிக்கொடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழ விட்டார். நான் ஒரு மாதம் முக்கி முக்கிக் கற்றுக்கொண்டதை மனிதர் போனிலேயே கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாகச் செய்துவிட்டார்.

பிறகு கேட்டேன். "தெரிஞ்சும் ஏங்க ஒரு வார்த்த என்னக் கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லோணும். ஏற்கனவே ஒண்ணச் சொல்லிப்போட்டு நீ படற பாடு பத்தாதா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, அடுத்தது என்னன்னு பேசோணுமல்ல" என்றார். "பாடம் இன்னும் முடியல."

அப்போதுதான் டாக்டர் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி எனக்கு நினைவு வந்தது. "வலிக்குதாங்க?"

"வலிக்குது நாயகி" என்றார். "ரொம்ப வலிக்குது."

நான்கு மாதமாகக் கேஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். சொல்ல ஆள் இல்லாமல் உள்ளேயே வைத்திருந்தார்.

ஜூலை 8, திங்கள்

காலையில் பரீதாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வாரம் வர முடியாது, சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த முனையில் கால் என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். பிறகு, "நான் புதன்கிழமை வர்றேன் மேடம். உங்க நோயாளியப் பார்க்கணும். உங்களையும்" என்றார்.

சாயங்காலம் என் கணவருக்கு மார்ஃபின் எழுதினேன். எழுதியதும் அவர் சீட்டைக் கேட்டார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியைத் தாண்டி இரண்டாவது வரியைப் பார்த்தார். இருந்தது. சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நின்னுக்கிட்டே இருக்கறே பாரு" என்றார். "உக்காரு."

உட்கார்ந்தேன்.